இரண்டில் ஒன்று பொய்

இன்று காலை டீக்கடையில் வடை கட்டித் தந்த பேப்பரைப் பிரித்தால் உள்ளே ஒரு புதிர். மூன்று பேரில் ஒருவன் மோதிரத்தை எடுத்திருக்கிறான், மூவரும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், ஒருவன் சொல்வது மட்டும் உண்மை. எண்ணெய் ஊறி எழுத்தே சரியாகத் தெரியவில்லை. ஆனாலும் கம்பெனி பஸ் வருவதற்குள் போட்டு முடித்துவிட்டு, பெருமையாகப் பக்கத்தில் திரும்பினேன். நீ இல்லை. அடி பாவி, உன்னிடம் காட்டத்தானே அவ்வளவு அவசரமாகப் போட்டேன்!

பேரணாம்பட்டிலிருந்து ஆம்பூர் போகிற வரைக்கும் நமக்கு அதுதானே வேலை. முதலில் ஏறுகிறவள் டிபன் பையை வைத்து மற்றவளுக்கு இடம் பிடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் வந்த புதிரைக் கிழித்துத் திங்கட்கிழமை கொண்டுவருவாய். அதில் மோதிரம் திருடு போயிருந்தால், அதை மக்கன் பேடா இனிப்பாக மாற்றிவிடுவாய். அன்வர் சொல்கிறான், பாபுதான் தின்றான் என்று. பாபு, நான் தின்னவில்லை என்கிறான். சந்திரனும், நான் தின்னவில்லை என்கிறான். ஒருவன் மட்டும் உண்மை பேசுகிறான். தின்றது யார்?

நான் பேரைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வேன். "பாபுதான். எங்க தெருவுல ஒரு பாபு இருக்கான், சரியான திருடன்." நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய்.

"இன்னா சுமதி, ஆளப் பாத்தா முடிவு பண்றே? ஒருத்தன் சொல்றத நெஜம்னு வெச்சிக்கோ. அப்புறம் எங்க இடிக்குதுன்னு பாரு. இடிச்சா அது பொய். அவ்ளோதான், இதுல இன்னா பேஜாரு?"

அன்வர் சொல்வது நிஜம் என்று வைத்துக்கொண்டால் தின்றவன் பாபு. அப்போது சந்திரன் சொன்னதும் நிஜமாகிவிடும். ஒருவன்தானே உண்மை பேச வேண்டும்? இடிக்கிறது. ஆக அன்வர் பொய்யன், பாபு தின்னவில்லை. உண்மை பேசிய அந்த ஒருவன் பாபுதான். மிச்சமிருக்கும் சந்திரன் புளுகுகிறான், பேடா அவன் வயிற்றில். இதை நீ ஜன்னல் பக்கம் வேடிக்கை பார்த்துக்கொண்டே சொல்லி முடிப்பாய். எனக்கு வயிறு எரியும். ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு, உனக்கு மட்டும் எங்கிருந்து வந்தது அந்த மூளை என்று எரியும்.

அப்புறம்தான் ஷபானா நம் ஷூ கம்பெனியில் நாம் இருந்த செக்கிங் டேபிளுக்கு வந்து சேர்ந்தாள். நம்மைவிடச் சின்னவள். உன்னோடு உருதுவில் பேசுவாள். நீயும் அவளும் ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ சொல்லிச் சிரிப்பீர்கள், எனக்கு ஒரு வார்த்தை புரியாது. என்ன என்று கேட்டால், "தமிழ்ல சொன்னா சிரிப்பு வராதுடி" என்பாய். ஒருநாள் அவளுக்கு அதே அன்வர், பாபு கணக்கை உருதுவில் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாய். அவள் உடனே பதில் சொன்னாள். நீ அவள் முதுகில் தட்டினாய். அன்று நான் நல்ல ஷூ ஒன்றைக் கோபத்தில் ரிஜெக்ட் பெட்டியில் எறிந்தேன், நீ அதை எடுத்துப் பாஸ் பெட்டியில் வைத்தாய்.

நீ வேலூர் ஆஸ்பத்திரியில் படுத்தபோது, ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லிச் சாத்துக்குடி கூட வாங்கி வைத்திருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் ஷபானா கம்பெனி கேட்டில் என்னை நிறுத்தினாள். "அக்கா, நீங்க வர வேணாம்னு சொன்னாங்க."

"யாரு சொன்னது?"

"அவங்கதான்."

"அப்ப நீ மட்டும் போறே?"

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நீ கூப்பிட்டால்தான் வருவேன் என்று உட்கார்ந்துகொண்டேன். நீ கூப்பிடவில்லை. பிறகு செய்திதான் வந்தது.

உனக்கு நாற்பதாம் நாள் ஃபாத்தியா ஓதியபோது உன் வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். "இன்னாம்மா நீ, ஒரு தபா வந்திருக்கக் கூடாதா? தெனம் உன்னையேதான் தேடிக்கினு இருந்தா. 'சுமதி வந்தா நல்லா இருக்கும் அம்மி, தப்புத் தப்பா பதில் சொல்லிச் சிரிக்க வெப்பா'ன்னு. அது இன்னா பதிலும்மா?"

அகப்பட்டாள் ஷபானா என்று நினைத்தேன். உன் சாவு வீட்டில் நின்றுகொண்டு சந்தோஷப்பட்டேன் என்றால் நம்புவாயா? நேராகப் பின்கட்டுக்குப் போனேன். பிரியாணித் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். "எதுக்குடி பொய் சொன்னே?" என்று கேட்டேன்.

"பொய் இல்லக்கா. உங்க அம்மாவுக்கும் இதே சீக்குதானாமே. முடியெல்லாம் கொட்டி, கடைசில நீங்கதான் ஸ்பூன்ல கஞ்சி ஊத்தினீங்களாமே. 'இன்னொரு தபா அவ அதப் பாக்கக் கூடாது, சொன்னா கேக்க மாட்டா, நீ எப்படியாச்சும் தடுத்துடு'ன்னாங்க. காரணத்தச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிக்கினாங்க. கடைசி வரைக்கும் நான்தான் கூட இருந்து பாத்துக்கினேன்."

திரும்பி வரும் பஸ்ஸில் உன் கணக்கைப் போட்டேன். வா என்பது ஒன்று, வராதே என்பது ஒன்று. இரண்டில் ஒன்று பொய்யாக வேண்டும். ஷபானா சொன்னது பொய் என்று வைத்துக்கொண்டேன், ஆசையோடுதான் வைத்துக்கொண்டேன். ஆனால் அந்தக் கஞ்சி விஷயத்தை நான் உன் ஒருத்தியிடம்தானே சொன்னேன்? நீ சொல்லாமல் அவளுக்கு எப்படித் தெரியும்? இடித்தது. சரி, உன் அம்மா என்னைத் தேற்றப் பொய் சொன்னார்கள் என்று வைத்துப் பார்த்தேன். நம் புதிரே தெரியாத அம்மாவுக்கு என் தப்புப் பதிலைப் பற்றி யார் சொல்லியிருக்க முடியும்? அதுவும் இடித்தது.

இரண்டும் நிஜம். செக்கிங் டேபிளில் பாஸ், ரிஜெக்ட் என்று இரண்டே பெட்டி வைத்துப் பழகிய எனக்கு, இதை எதில் போடுவது என்றே தெரியவில்லை. வரவேண்டும் என்று ஏங்கியதும் நீதான், வரக் கூடாது என்று தடுத்ததும் நீதான். ஏக்கத்தை அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். தடுக்கிற வேலையை ஷபானாவிடம் கொடுத்திருக்கிறாய். எனக்காகத்தான் செய்தாய் என்பது இப்போது நன்றாகவே புரிகிறது.

இப்போது நானும் புதிர் போடுகிறேன், ஆளைப் பார்த்து முடிவு செய்வதில்லை. பஸ்ஸில் ஷபானாவுக்கு இடமும் பிடித்து வைக்கிறேன். அவள் பேரில் ஒரு தப்பும் இல்லை என்று உன் வழியிலேயே நிரூபித்தும் ஆயிற்று. இருந்தும் பொறாமை போகவில்லையே! அந்த முடியில்லாத தலையைத் துடைத்துவிட்டவள் அவள். கடைசி வாய்க் கஞ்சி ஊற்றியவள் அவள். அதை நான் ஏற்கெனவே ஒருமுறை செய்திருக்கிறேன் என்பதற்காக என்னைத் தள்ளி வைத்தாயே, அதனால்தானேடி என்னைக் கூப்பிட்டிருக்க வேண்டும்? அவளைவிட எனக்கு நன்றாகத் தெரியும், சிந்தாமல் ஊற்ற.