திரும்பிப் போன போர்வெல் லாரி

ஏலே, இன்று மதியம் எம்.ரெட்டியபட்டி தாண்டி ஒரு தோட்டத்தில் போர்வெல் லாரி வந்து நின்றது. டீசலும் பாறைத் தூளும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதுமே உன் நினைப்புதான். நீ போன பிறகு இந்த வாடை வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்துவிடுவேன். இன்று நின்றேன். நின்று பார்த்ததை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

நாம் இருவரும் ஒரே வேலைக்குத்தான் வந்தோம். நிலத்தடி நீரை விவசாயிகள் எப்படிப் பயன்படுத்துவார்கள், யார் எப்போது புதிதாக போர் போடுவார்கள் என்று கம்ப்யூட்டரில் முன்கூட்டியே காட்டும் ஒரு மாதிரியை, அதாவது மாடலை, உருவாக்க வேண்டும். திரையில் ஒவ்வொரு விவசாயியும் ஒரு புள்ளி. பக்கத்துத் தோட்டத்தில் லாரி நின்றால், அது கிளம்புவதற்குள் இந்தப் புள்ளியும் அதைக் கூப்பிடும். அந்த விதியை எழுதியவன் நான். ஊரில் அப்படித்தானே நடந்தது? லாரிச் சத்தம் கேட்டால் போதும், இரண்டு பேர் வரப்பில் வந்து நின்று டிரைவரிடம் பேச்சுக் கொடுப்பார்கள். என் மாதிரியில் எல்லாக் கிணறுகளும் வற்றின. ஊரை அப்படியே திரையில் பிடித்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை வேறு.

நீ ஒப்புக்கொள்ளவே இல்லை. "ஏலே, ஒன் புள்ளியெல்லாம் ஊமையா? ஒண்ணுக்கொண்ணு பேசவே செய்யாதா?" என்றாய்.

பள்ளிக்கூட வராந்தாவில் சாக்பீஸால் வயல்கள் வரைந்து, நடுவில் ஒரு குடத்தை வைத்து, ஊர்க்காரர்களை உட்காரவைத்து விளையாடினோமே. குடத்துத் தண்ணீர்தான் ஊரின் நிலத்தடி நீர். நீதான் லாரி. வாயாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு பெரிய மனிதர்களுக்கு நடுவே ஓடினாய். சிரித்துக்கொண்டே ஆளாளுக்கு உன்னைக் கூப்பிட்டுத் தண்ணீர் மொண்டதில் குடம் காலி. உடனே நீ ஒரு விதியைச் சேர்த்தாய்: லாரியைக் கூப்பிடுமுன் பக்கத்து நிலத்துக்காரரிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும். அடுத்த ஆட்டத்தில் பேசிப் பேசியே பலர் லாரியை விட்டுவிட்டார்கள்; குடத்தில் தண்ணீர் மிஞ்சியது.

"வெளாட்டுல சொல்லுவாக. வயக்காட்டுல எவன்லே சொல்லுவான்?" என்று கேலி செய்தேன்.

"ஏலே, சொல்லுவாக. ஒருத்தர் சொல்லிட்டா அடுத்தவுகளும் சொல்லுவாக" என்றாய்.

காரியாபட்டி டீக்கடையிலும் அதே சண்டை, பஸ்ஸிலும் அதே சண்டை. அது முடிவதற்குள் ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. உன்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. பாதிச் சண்டையில் எழுந்து போகிறவன் உண்டா?

இன்று லாரியை வரவழைத்தவர் முருகேசண்ணன். கிணற்றுத் தண்ணீர் அடி தட்டிவிட்டது, பருத்தியோ காய்பிடிக்கும் நேரம். அவர் ஆழமாக போர் போட்டால் பக்கத்துத் தோட்டத்துப் பேச்சியம்மாக்காவின் கிணறு வற்றும், மிளகாய்ச் செடி கருகும். வழக்கம்போல இரண்டு பேர் டிரைவரைப் பிடிக்கக் காத்து நின்றார்கள். என் விதி நிறைவேறப்போவதைப் பார்க்க நானும் நின்றேன்.

அண்ணன் வரப்பில் ஏறிக் கூப்பிட்டார். "மதினி! போரு போடப்போறேன். ஒங்ககிட்டச் சொல்லாமப் போட மனசு கேக்கல."

அக்கா களைக்கொத்தும் கையுமாக விறுவிறுவென்று வந்தார். பெரிய ரகளை இருக்கிறது என்று நினைத்தேன்.

"நீங்க போட்டா என் கெணறு என்னாகும் கொழுந்தனாரே? லாரியப் போகச் சொல்லுங்க. ஒருநா விட்டு ஒருநா என் தண்ணியத் திருப்பி விடுறேன், ஒங்க பருத்திய எடுத்துருவோம். அடுத்த வெள்ளாமைக்கு ரெண்டு பேருமே தண்ணி கம்மியாக் குடிக்கிற கம்பு போட்டுக்கிடுவோம்."

அண்ணன் வரப்பை விட்டு இறங்கி லாரிப் பக்கம் நடந்தார். பிறகு டிரைவரிடம் போகச் சொல்லிக் கைகாட்டினார்.

லாரி ரோட்டில் ஏறியது. காத்து நின்ற இருவரில் ஒருவர் ஓடிப்போய் அதை மறித்தார். எனக்கு உயிரே போய்விட்டது. அவர் டிரைவரிடம் சொல்கிறார்: "நீங்க இப்பப் போங்க. எங்க சித்தப்பா காடு என் தோட்டத்த ஒட்டிக் கெடக்கு. அவுககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கூப்புடுறேன்."

கேட்டுட்டுக் கூப்புடுறேன் என்றார்! என் காதால் கேட்டேன். நடுரோட்டில் நின்று குதித்தேன். தோற்றுப்போனதற்கு இப்படிச் சந்தோஷப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஒரு லாரி திரும்பியதால் ஊருக்குத் தண்ணீர் ஊறிவிடாது, கோடையில் இவர்கள் மனசு மாறவும் மாறலாம். எல்லாம் தெரிந்தும் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் தோற்றுவிட்டேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது என்று தோன்றியபோதுதான் கண் நிறைந்துவிட்டது.

நாளை பந்தல்குடிப் பக்கம் ஒரு ஊரில் அதே விளையாட்டு. உன் இடத்துக்கு வந்திருக்கும் பெண் கெட்டிக்காரி. இன்று நடந்ததைச் சொன்னேன். "ஒரு ஊருல நடந்துச்சுன்னா எல்லா ஊருலயும் நடந்துருமா சார்?" என்று உடனே மல்லுக்கு நிற்கிறாள். பதில் சொல்ல வாயைத் திறந்தால் உன் பேச்சுத்தான் வருகிறது. என் கட்சியை அவள் எடுத்துக்கொண்டாள். நான் உன் கட்சிக்கு வந்துவிட்டேன்.