இலை உதிர்க்கும் செடி

கந்தப்பளை, இலங்கை,
8.1.1957

அன்புள்ள மகன் அழகுமுத்துவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கச்சிகள் இருவரும் முருகன் புண்ணியத்தில் நலமாக இருக்கிறோம். அந்த ராஜஸ்தான் மணலில் நீயும் நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன், நாலு பக்கம் எழுதியவன் அதை மட்டும் எழுதவில்லை. நான் சொல்லச் சொல்லத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துச் சிவபாதம் மாஸ்டர் எழுதுகிறார், என் கோபத்தைக் குறைத்து எழுத வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

உன் கடிதம் வந்தது என்றதும் லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேர் நம் வாசலில் கூடிவிட்டார்கள், நீ எந்தக் கப்பலில் வருகிறாய் என்று கேட்க. மாஸ்டர் படித்தார். ஒட்டகத்தின் திமிலில் இருப்பது தண்ணீர் இல்லை, கொழுப்பாம். ஒரு எலி ஆயுசு முழுக்கத் தண்ணீரே குடிக்காதாம், தின்கிற விதையிலிருந்தே ஈரத்தை எடுத்துக்கொண்டு பகலெல்லாம் வளைக்குள் கிடக்குமாம். ஒரு மரம் நம் லயத்து நீளத்துக்கு வேரைக் கீழே இறக்குமாம். மழை பொய்த்தால் செடி தன் இலையைத் தானே உதிர்த்துவிட்டு உயிரைக் காப்பாற்றிக்கொள்ளுமாம். எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டார்கள், நீ வருகிற தேதி மட்டும் கடைசிவரை வரவில்லை. மூக்கன் பெண்சாதி, "ஒட்டகத்தப் பத்தித் தெரிஞ்ச புள்ளைக்கு ஆத்தாளப் பத்தித் தெரியலையே" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு மானம் போயிற்று.

உன்னை அனுப்பியவள் நான்தான், இல்லையென்று சொல்லவில்லை. இலங்கைப் பிரஜாவுரிமைக்கு நாம் போட்ட மனு நல்லபடியாக முடிய வேண்டும், முசிறிக்குப் போய்க் குலதெய்வத்துக்குக் கிடாய் வெட்டிவிட்டு இரண்டு மாதத்தில் திரும்பி வா என்று போன மாசியில் அனுப்பினேன். நீ சாமியைக் கும்பிட்ட கையோடு எவனோ மேஸ்திரி பின்னால் தண்டவாளம் போடப் போய்விட்டாய். போன வாரம் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை அப்பாவைக் கூப்பிட்டு, மனுவில் பெயர் உள்ளவர்கள் ஒரு வருஷம் சேர்ந்தாற்போல இங்கே இல்லாவிட்டால் மனு நிற்காது என்றாராம். "மாசி பத்துல நுவரெலியாவுல வெசாரணை. அதுக்குள்ள பய வரலன்னா அவன் பேர வெட்டிருங்க, மத்த நாலு பேராவது பொழச்சுக்கலாம்" என்றாராம். மனு கிடைக்கச் சாமியிடம் அனுப்பியதே மனுவுக்கு வினையாகிவிட்டது, என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. அப்பா அங்கிருந்து நேரே மலைக்குக் கவ்வாத்து வெட்டப் போனார். முப்பது வருஷமாகத் தேயிலைச் செடியை வெட்டுகிறவர், மற்றக் கிளைகளை எல்லாம் வெட்டினாலும் செடி மூச்சுவிட இலையோடு ஒரு கிளையை விட்டுவைப்பார். அன்றைக்கு ஒரு வரிசை முழுக்க அதையும் சேர்த்து வெட்டிவிட்டார் என்று கங்காணி சத்தம் போட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்தவர், "செடி இலைய உதுத்த கதைய எழுதியிருக்கான், யாரு இலைன்னுதான் எழுதல" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். சாப்பிடவில்லை.

மகனே, மாசி பத்துக்கு முன்னால் தலைமன்னாரில் வந்து இறங்கு. வந்தால் விசாரணை செய்கிற ஐயா முன்னால் உன் கையைப் பிடித்துக்கொண்டு என் பிள்ளை என்று நிற்பேன். வராவிட்டால், எத்தனை பிள்ளைகள் என்று அவர் கேட்கிறபோது இரண்டு பெண்கள் என்று சொல்லிவிடுவேன், உன் தங்கச்சிகள் இந்த மண்ணில் இருக்க வேண்டுமே. இலையை உதிர்த்தால்தான் செடி பிழைக்கும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நீதான்.

வெயிலில் தலைக்குத் துணி கட்டிக்கொள். அந்த எலியைப் பார்த்துத் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடாதே. நீ எங்கே இருந்தாலும் குலதெய்வம் உன்னைக் காக்கட்டும். பதிலில் ஒட்டகம் வேண்டாம், தேதியை மட்டும் எழுது.

இப்படிக்கு,
மாசி பத்து வரைக்கும் உனக்கு அம்மாவான
அம்மாக்கண்ணு