ஒன்பது நிமிட ஷாட்

அன்புள்ள உனக்கு,

செகெத் நகரத்து வீட்டுச் சமையலறையில் உன் அப்பா மீன் சூப் ஆறக் காத்திருக்கும் ஒன்பது நிமிட ஷாட்டை இன்றும் எடிட்டிங்கில் பார்த்தேன். ஆவி மெல்ல அடங்குகிறது. கண்ணை எடுக்க முடியவில்லை. இந்தப் பொறுமைக்காகத்தான் உன்னைக் கட்டிக்கொண்டேன்.

ஆறாம் நிமிடத்தில் அவர் கையிலிருந்து ரொட்டி நழுவுகிறது, வாய் கோணுகிறது. நீ ‘கட்’ சொல்லும்வரை யாரும் அசையக்கூடாது என்பது உன் சட்டம். ஒலிப்பதிவாளன் பாலின்ட் கிசுகிசுப்பது கேட்கிறது: “அண்ணே, அப்பாவுக்கு என்னமோ ஆவுது.”

அடுத்து உன் குரல்: “சும்மா இருடா, பிரமாதமா நடிக்கிறாரு.”

அடக்கத்தின்போது, படப்பிடிப்பு முடிந்த பிறகே அவர் சாய்ந்தார் என்றாய். நானும் தலையாட்டினேன்.

தயாரிப்பாளர் ஷாட்டைக் குறைக்கச் சொல்கிறார். நான் ஒரு ஃபிரேம்கூட வெட்டவில்லை. உன் குரலையும் அழிக்கவில்லை.

நாளை வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து முழுசாகப் பார். இந்த முறை ‘கட்’ சொல்லப்போவது நான்.

இன்றுவரை உன் மனைவி