சாமிக்காக அடைத்த சாக்கடை

18.1.2009, ஞாயிறு, இரவு

இன்று கெடிலத்தில் ஆற்றுத் திருவிழா. சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு இறங்குகிற இடத்துக்குச் சற்று மேலேதான் எங்கள் தெருவின் மழைநீர் வடிகால் ஆற்றில் விழுகிறது. மழைநீராம்! தை மாதத்தில் ஏது மழை? அத்தனை வீட்டுக் கக்கூஸ் குழாயும் அதில்தான் சொருகியிருக்கிறது.

அந்தக் குழாய்களை எடுத்துவிடலாம் என்று எங்கள் தெரு ஆற்றுப் பாதுகாப்புக் குழுவில் போன வாரம் சொன்னேன். தலைவர் தணிகாசலம் மாமா சிரித்தார். "ஒரு நாளைக்குப் போயி எதுக்கும்மா அவ்ளோ வேலை? வடிகால் வாயில மணல் மூட்டைய அடுக்கிட்டா முடிஞ்சிது."

காலையில் அடுக்கினார்கள். மூட்டைகளுக்கு முன்னால் நின்று போட்டோ வேறு.

போக வழியில்லாத சாக்கடை தெருவுக்குள் திரும்பியது. தெருவிலேயே பள்ளத்தில் இருப்பது மாமா வீடு. கோலத்தை மூழ்கடித்துக் கூடத்துக்குள் நுழைந்துவிட்டது. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆற்றங்கரைக்கு ஓடி வந்தார்.

"மூட்டைய எடுங்கடா! ஊட்டுக்குள்ள பூந்துடுச்சி!"

"சாமி இன்னும் தண்ணியிலதான் இருக்கு மாமா" என்றேன்.

"சாமி குளிச்சிட்டுப் போயிடும்மா. நாங்க இங்கதான இருக்கணும்?"

எடுத்தார்கள். கறுப்பாக இறங்கியது. கரையில் நின்ற கூட்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு கும்பிட்டது. குழுவாம், பாதுகாப்பாம்!

சாயங்காலம் மாமா வீட்டைக் கழுவிவிட்டார்கள். அந்தத் தண்ணீரும் வடிகாலுக்குத்தான் போனது. பிறகு தீட்டுக் கழிய வேண்டுமென்று கூடம் முழுக்க எதையோ தெளித்தார். என்ன மாமா அது என்று கேட்டேன்.

கெடிலத்துத் தீர்த்தமாம்.