தேதி வைத்தவள்

அன்புள்ள மகளுக்கு,

முழங்கால் வலி குறைந்திருக்கிறது. விசாரிப்பாய் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

இலங்கைப் போரால் இங்கே வந்து தங்கிய குடும்பங்களின் முகாமிலிருந்து நர்சிங் படிப்புக்கு ஆறு பெண்களைச் சேர்க்க வேண்டியிருந்தது. போன மாதம் ஒரு சனிக்கிழமை அவர்களுக்குத் தேர்வு வைத்தேன். ரெட்டியார்சத்திரத்தில் மண்டபம் பிடித்து மதியம்வரை காத்திருந்தேன். ஒருத்தியும் வரவில்லை. 'ஆர்வம் இல்லை' என்று எங்கள் தொண்டு நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். ஆறு இடங்களும் வேறு மாவட்டத்துக்குப் போக இருந்தன.

திங்களன்று முகாமுக்குப் போனேன். அந்த ஆறு பேரில் ஒருத்தியான தர்சிகாவின் அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"சனிக்கிழமை முகாமில ஆஜர் எடுக்கிற நாள், மிஸ். ஆள் நிக்காட்டி உதவிப்பணப் பட்டியலில பேரை வெட்டிப்போடுவினம். பிள்ளை நாள் முழுக்க அழுதவள்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேக்கேல்லையே."

வண்டி ஓட்டி வந்த சுக்கூர் பாய் சிரித்துவிட்டார். "இம்புட்டுப் படிச்சிருக்கீக, ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தேதி வைக்கப்படாதாக்கும்?"

தவறு என்னுடையது என்று அன்றே எழுதினேன். இடங்கள் தப்பின. அடுத்த தேதியைத் தர்சிகா வைத்தாள். ஆறு பேரும் வந்து எழுதினார்கள்.

உன் அப்பாவின் படத்திறப்புக்கும் நான்தான் தேதி வைத்தேன். நீ வரவில்லை. உனக்கு அக்கறை இல்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். அன்று உனக்கு என்ன இருந்தது என்று மூன்று வருடமாகக் கேட்கவில்லை.

இப்போது கேட்கிறேன். எழுதப் பிடிக்காவிட்டால் நேரில் வருகிறேன். தேதியை நீ வை.

அம்மா