நெல்லு கேட்டேன், அரிசி வந்தது

டில்லி, 9-8-1961

ஆத்தாவுக்கு மகன் அழகுமலை கும்பிட்டு எழுதுறது. ஒன் முழங்கால் வலி தேவலையா? நான் சுகமா இருக்கேன்.

ஒரு சிரிப்பான சங்கதி. இங்கிட்டு எங்க விவசாய ஆராய்ச்சிப் பண்ணையில ஆராய்ச்சி பல தினுசு. பஞ்சாபிக்காரருக்குக் கோதுமை, வங்காளத்துக்காரருக்குச் சணல், எனக்கு வறட்சி தாங்குற நம்ம ஊரு நெல்லு. அதுக்குத்தான் நெல்லு கேட்டேன். நீ, பட்டணத்துல யாரு குத்தித் தருவான்னு, அவிச்சுக் குத்தி அரிசியாவே அனுப்பிட்டே! விதைக்குன்னு எழுதாதது என் தப்புதான்.

விதைப்புப் பருவம் தப்பிப்போச்சு. என் பாத்தியைச் சீமை விதைக்குக் கொடுத்துட்டாங்க. அந்தப் பயிருல பேரு எழுதிச் சீட்டு கட்டுறதுதான் இப்ப என் வேலை.

அந்த அரிசியை ரூமிலேயே பொங்கி நாலு நாள் தின்னேன். கொஞ்சம் நாரத்தங்காய் ஊறுகாய் வேணும். தபாலுக்கு நேரமாச்சு. மறுபடி நெல்லு தேடி அலையாதே, ஆத்தா. அரிசியாவே அனுப்பு.