மூத்தாளும் எட்டுப் பூச்சும்

மார்ச் 3

காலையில் மூட்டுவலி. மத்தியானம் மூட்டுவலி. நடுவில் பெரிய முதலாளி வந்தார்.

நான் கைநாட்டு. சொல்வது நான், எழுதுவது என் மனைவி. திட்டு வந்தால் மட்டும் எழுத மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். அதனால் எல்லாரையும் நான் மரியாதையாகப் பேசியதுபோல் இருக்கும். நம்ப வேண்டாம்.

பெரிய முதலாளி பிறந்ததிலிருந்து என்னை 'டிரைவர்' என்றுதான் கூப்பிடுவார். இன்று வாசலிலேயே "அண்ணே" என்றார். வேறு யாரையோ என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

விஷயம் இதுதான். பழைய கிடங்கின் கூரை சரிந்து விழுந்ததாம். இடிபாட்டை அள்ளினால் அடியில் ஒரு லாரி. அவர் அப்பா வாங்கிய முதல் லாரி அதுதானா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். கம்பெனிக்கு அறுபது வயது ஆகிறது. லாரியைச் சீர்செய்து ஊர்வலம் விடப்போகிறார்களாம்.

"அதேதான்னு ஆயிடுச்சுன்னா, ஓட்டிட்டு வெளிய வர்றது நீங்கதாண்ணே. வேற யாரு இருக்கா?"

என் லைசென்ஸ் செத்துப் பல வருஷமாகிறது. அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. அந்த லாரி முனகுவதை இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும். இரண்டாம் கியரிலிருந்து மூன்றுக்குப் போகும்போது ஒரு முனகல் முனகுவாள். வேறு எந்த வண்டியும் அப்படி முனகி நான் கேட்டதில்லை.

"போயிட்டு வாங்க. மூத்தாள் கூப்பிடுறா" என்றாள் மனைவி. கல்யாணமான வருஷத்திலிருந்தே அந்த லாரிக்கு அவள் வைத்த பெயர் மூத்தாள். மாசத்தில் பாதி நாள் நான் அவளோடுதானே படுத்தேன் என்பாள்.

மார்ச் 5

நம்பர் பலகை இல்லை. சேசிஸ் நம்பரைத் துரு தின்றுவிட்டது. ஒரு நிபுணரை வரவழைத்திருந்தார்கள். கழுத்தில் பூதக்கண்ணாடி. அடியில் போய்ப் படுத்தார், எழுந்தார், மறுபடி படுத்தார். கடைசியில், "அதுவா இருக்க வாய்ப்பிருக்கு. இல்லாம இருக்கவும் வாய்ப்பிருக்கு" என்றார். அதற்கு எல்லாரும் தலையை ஆட்டினார்கள்.

என்னை இரண்டு பேர் தூக்கி சீட்டில் வைத்தார்கள். கிளட்ச் மிதியில் என் செருப்புத் தேய்த்த பள்ளம் அப்படியே இருந்தது. இடப்பக்கக் கதவில் நான் மாட்டிய அலமாரிக் கைப்பிடியும் இருந்தது. வண்டிக் கைப்பிடி உடைந்தபோது எங்கள் வீட்டு அலமாரியிலிருந்து கழற்றிக்கொண்டு போனது. அந்த அலமாரி இன்றுவரை ஒற்றைக் கைப்பிடியோடு நிற்கிறது. (இதை எழுதும்போது பேனா காகிதத்தில் குத்துகிறது. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.)

"இவதான்" என்றேன். தோள் துண்டால் ஸ்டியரிங்கைத் துடைத்தேன். தூசி.

மார்ச் 9

மெக்கானிக் என்ஜினைப் பிரித்தான். ஸ்பேனர் என்று பட்டப்பெயர், தலையும் கழுத்தும் அப்படித்தான் இருக்கும். "பெருசு, உள்ள எலி புள்ளைகுட்டியோட குடித்தனம் பண்ணியிருக்கு. ஆனா பிஸ்டன் ஒட்டிக்கல."

"ஓடுமா?"

"ஓடும்."

ஓடும் என்கிறான்!

மார்ச் 16

இப்போது சண்டை நிறத்தைப் பற்றி. லாரி பச்சை என்கிறார் பெரிய முதலாளி. நீலம் என்கிறார் நடு முதலாளி. சிவப்பு என்கிறார் சின்ன முதலாளி. மூன்று பேரும் செத்துப்போன அப்பாமேல் சத்தியம் செய்கிறார்கள். அவரவர் அரைக்கால் சட்டை வயதில் ஏறி விளையாடிய நிறம் அவரவருக்கு. அவர்கள் அப்பா பெயின்ட்டுக்கென்று காசு எடுத்த மனிதர் இல்லை. எங்கே வேலை முடிந்து மிச்சம் இருக்கிறதோ அதை வாங்கி அடித்துவிடுவார். பச்சை ஒரு தோட்டத்து கேட்டுக்கு அடித்த மிச்சம். நீலம் பள்ளிக்கூடத்து ஜன்னலுக்கு அடித்தது. சிவப்பு எங்கிருந்து வந்தது என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்த சாம்பல் நிறத்தோடு சேர்த்து மொத்தம் ஏழு பூச்சு. வரிசையாகச் சொல்வேன். யாரும் கேட்கவில்லை.

ஆனால் மூன்று பேரும் தனித்தனியே வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் பழக்கூடை, ஒருவர் கம்பளி, ஒருவர் வெந்நீர்க் குடுவை.

"ஞாபகம் நல்லா இருக்காண்ணே?"

"நல்லாத்தான் இருக்கு."

"அதில்லண்ணே. பச்சையா இருக்கணும்."

பச்சை என்றேன். அடுத்தவரிடம் நீலம் என்றேன். அதற்கடுத்தவரிடம் சிவப்பு. பொய் எங்கே வந்தது? எல்லாமாகவும்தானே இருந்தாள்.

மார்ச் 20

கதவில் ஓர் இடத்தைச் சுரண்டிப் பார்த்துவிடுவோம் என்றார் நிபுணர். சிவப்பு வந்ததும் சின்னவர், "போதும் நிறுத்துங்க" என்றார். நீலம் வந்ததும் நடு முதலாளி கத்தியைப் பிடித்துக்கொண்டார். பச்சை வந்தது. "பாத்தீங்களாடா!" என்று தம்பிகளைப் பார்த்துத் தொடையைத் தட்டினார் பெரியவர்.

"இன்னும் இருக்கு. அடியில சாம்பல். அதோட முடிஞ்சுது" என்றேன் நான்.

சாம்பல் வந்தது. நான் இப்படி ஒரு பார்வை, அப்படி ஒரு பார்வை பார்த்தேன். அதற்குள் கத்தி வழுக்கியது. சாம்பலுக்கு அடியில் மஞ்சள்.

மஞ்சளா?

மஞ்சளில் எழுத்து வேறு. நிபுணர் கண்ணாடியை வைத்துப் படித்தார். ஏதோ ஒரு சோப்புக் கம்பெனியின் பெயர்.

ஆபீஸ் சுவரில் அவர்கள் அப்பா அந்த லாரியின்மேல் கைவைத்து நிற்கும் படம் மாட்டியிருக்கிறது. 'புத்தம் புதிய லாரியுடன்' என்று கீழே எழுதியிருப்பதாக எனக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். சாவியை என் கையில் கொடுத்தபோதும் அதைத்தான் சொன்னார்: "புது வண்டிடா, கீறல் படாம பாத்துக்க." நானும் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டேன். அதுவோ ஏற்கெனவே சோப்பு சுமந்து சலித்த வண்டி.

பிறகு பெரியவர், "அத முதல்ல தேய்ச்சு எடுங்கப்பா" என்றார். தம்பிகள் இருவரும் "ஆமா, ஆமா" என்றார்கள். சொத்துப் பிரித்ததற்குப் பிறகு மூவரும் ஒரே பேச்சாகப் பேசியது இதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. "உங்க மூத்தாளுக்கு உங்களுக்கு முன்னாடியே ஒருத்தன் இருந்திருக்கான்!" கண்ணைத் துடைத்துக்கொண்டு இதை நான் சொல்வதற்கு முன்பே எழுதிவிட்டாள்.

மார்ச் 21

இன்று எதுவும் சொல்லப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 4

ஊர்வலம் இல்லையாம். சின்னவர் திறக்கப்போகும் ஓட்டலின் வரவேற்பு மண்டபத்தில் லாரி நிற்குமாம். பளிங்குத் தரை. எண்ணெய் சொட்டினால் கறை போகாது. ஆகவே என்ஜினைக் கழற்றிவிட்டார்கள். அந்த இடத்தில் ஒரு ஸ்பீக்கர். பொத்தானை அழுத்தினால் லாரி சத்தம் வருமாம்.

"அப்ப நான் ஓட்டுறது?"

"ஸ்டியரிங்கப் புடிச்சுக்கிட்டு உக்காருங்கண்ணே. போட்டோ எடுப்பாங்க."

என்னங்கடா நினைச்சுக்கிட்டிருக்கீங்க? குடலை உருவிட்டு மூஞ்சிக்குப் பவுடர் போடுறதுக்குப் பேரு சீர்செய்யுறதா? நான் என்ன பொம்மையா, உள்ள உக்கார வைக்க? உங்கப்பன் செத்தும் புத்தி—

(இங்கே நாலு வரி விடப்பட்டது.)

ஏப்ரல் 18

திறப்பு விழா. லாரிக்கு இப்போது தந்த நிறம். அந்த நிறத்தில் அவள் ஒரு நாளும் இருந்ததில்லை. மண்டபத்துத் திரைச்சீலைக்குப் பொருத்தமாம். மூன்று முதலாளிகளுக்கும் திருப்தி. மற்ற இருவரும் ஜெயிக்கவில்லையே. முன்னால் ஒரு பலகை. மனைவி படித்துச் சொன்னாள்: 'நிறுவனர் புதிதாக வாங்கிய முதல் லாரி. அசல் நிலையில்.' அடியில் நிபுணரின் கையெழுத்து.

ஏற்றி உட்காரவைத்தார்கள். அலமாரிக் கைப்பிடியை எடுத்துவிட்டுப் பித்தளையில் ஒன்று போட்டிருந்தார்கள். பொத்தானை அழுத்தினார்கள். வந்தது யாரோ எவரோ ஓட்டிய வண்டியின் சத்தம். முனகல் இல்லை. கூட்டம் கைதட்டியது. நானும் சிரித்தேன். போட்டோவில் நன்றாகத்தான் இருக்கிறேன்.

"உங்களுக்கு ஏதாச்சும் செய்யணும்ணே, கேளுங்க" என்றார் பெரியவர்.

"என்ஜின் எங்க?"

"அந்தக் குப்பையா? தாராளமா எடுத்துக்கங்க. தூக்கிட்டுப் போக மட்டும் லாரி கேட்டுடாதீங்க. எல்லா வண்டியும் வெளிய போயிருக்கு."

ஏப்ரல் 27

ஸ்பேனர் ஒரு டிராக்டரின் பின்னால் கட்டிக் கொண்டுவந்து சேர்த்தான். கொல்லையில் செங்கல் அடுக்கி அதன்மேல் ஏற்றி வைத்தோம். கியர் பெட்டியும் கூடவே வந்துவிட்டது.

மனைவி இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள். "ஏங்க, இத்தன வருஷம் வெளியிலதான் வச்சிருந்தீங்க. இப்ப சக்களத்திய வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டீங்களா?"

"தண்ணி இறைக்கத்தான்."

"ஆமாமா. தண்ணி இறைக்கத்தான்."

மே 6

கிணற்றிலிருந்து மேல்தொட்டிக்கு ஏற்றும் பம்போடு பெல்ட் போட்டு இணைத்துவிட்டான். ஹேண்டிலைச் சுற்றியது ஸ்பேனர், பெட்ரோலைப் பார்த்துக்கொண்டது நான். முதலில் ஒரு இருமல். பிறகு ஒன்றுமில்லை. பிறகு கொல்லை முழுக்கப் புகை, அதற்குள்ளிருந்து அவள்.

கியரை மாற்றச் சொன்னேன். முனகினாள்.

சோப்பு சுமந்தவளோ, எதைச் சுமந்தவளோ. அதே முனகல்.

ஊரையே சுமந்த என்ஜினுக்கு எங்கள் வீட்டுத் தொட்டி எம்மாத்திரம்? நிறைந்து, வழிந்து, கொல்லை குளமாகிவிட்டது. கொடியில் காய்ந்த வெள்ளைச் சேலை கறுப்பாகிவிட்டது. இன்றைய பக்கத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதியிருக்கிறாள்.

மே 30

ஓட்டலில் ஸ்பீக்கர் கெட்டுவிட்டதாம். எங்கள் என்ஜினின் சத்தத்தைப் பதிவு செய்துகொள்ள சின்ன முதலாளி ஓர் ஆளை அனுப்பியிருந்தார். நான் எழுந்து செருப்பைத் தேடுவதற்குள் மனைவி வாசலுக்குப் போய்விட்டாள்.

"அதெல்லாம் முடியாதுப்பா. அவ எங்க வீட்டு மனுஷி. வெளி ஆளுக்குக் குரல் காட்ட மாட்டா."

நான் செருப்பைத் தேடுவதை விட்டேன்.

ஜூன் 11

மூட்டுவலி. காலையிலிருந்து படுக்கைதான். நேற்று மாலை ஏற்றிய தண்ணீர் தொட்டி நிறைய இருக்கிறது, எழவேண்டிய அவசியமும் இல்லை.

மனைவி இரண்டு தடவை அறைக்குள் எட்டிப் பார்த்தாள். மூன்றாம் தடவை, "என்ன, இன்னிக்கு அவ சத்தத்தையே காணோம்?" என்றாள்.

"தொட்டி ரொம்பியிருக்கு."

கொல்லைக்குப் போய்விட்டு வந்து பேனாவை எடுத்திருக்கிறாள். தொட்டிக் குழாயைத் திறந்துவிட்டிருக்கிறாள். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும் சத்தம் கேட்கிறது.